நாற்காலிக்கு வருகிற கூட்டம்

செல்பேசி வந்த பிறகு நூலகத்துக்கு யார் போகிறார்கள் என்று கேட்பவர்கள், பல்லடம் பக்கமுள்ள எங்கள் கிளை நூலகத்துக்கு வந்து ஒரு நாற்காலி பிடித்துக் காட்டட்டும். கதவு திறந்ததுமே பைகளும் தண்ணீர் பாட்டில்களும் இடம்போட்டுவிடும். பெரும்பாலோர் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். பள்ளிப் பாடநூல்கள் செல்பேசியில், குறிப்பெடுக்க ஒரு நோட்டு. அலமாரிப் பக்கம் திரும்புவதே இல்லை. சண்டை வந்தால்கூடப் புத்தகத்துக்காக அல்ல, சார்ஜ் போடும் பிளக்குக்காகத்தான்.

இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெருவெல்லாம் விசைத்தறி ஓடும் ஊரில், அமைதியாக உட்கார வேறு எங்கே போவார்கள்?

சில மாதங்களுக்கு முன் ஒரு பெரியவர் பழைய மாட்டு வாகடம், அதாவது மாட்டு வைத்திய நூல், கேட்டு வந்தார். இங்கிருந்த பிரதி செல்லரித்து எப்போதோ கழிக்கப்பட்டுவிட்டது. பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த பையன், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடி, அதே வகையில் ஒரு பழைய பதிப்பை எடுத்துக் கொடுத்தான். மடிப்பு விழுந்த பக்கம், யாரோ ஓரத்தில் மையால் கிறுக்கியது, எல்லாம் அப்படியே திரையில். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டியதும் பெரியவர் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்தார்.

“கண்ணு, இதை எப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும்?”

“கொடுக்க வேண்டியதில்லைங்க அப்பாரு.”

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நூலகரிடமும் ஒரு முறை கேட்டுக்கொண்டார்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்தப் பையன் விடுமுறை எடுத்திருந்தால் பெரியவர் வெறுங்கையோடு போயிருப்பார். மூலையில் இருக்கும் கணினி எப்போதும் உறை போட்டே கிடக்கிறது. நூலகர் ஒருவரே நாளிதழ் அடுக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், வாசலும் பூட்ட வேண்டும். இணையத்தில் தேடித் தர அவருக்கு நேரம் ஏது? 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி இன்றும் நூறு ரூபாய் சொத்து வரிக்குப் பத்து ரூபாய் நூலக வரி கட்டுகிறோம். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், தனி வரியாகவே இருக்கும். கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கு முன், தேடித் தரத் தெரிந்த இன்னொரு ஆளைப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம். பிள்ளைகளும் கையெழுத்துப் போட்டார்கள். கூடவே இன்னும் நான்கு பிளக் வேண்டும் என்று கீழே சேர்த்துவிட்டார்கள்.