கிடார்: கம்பியை அழுத்தவே முடியலை. தப்பு விரல்லயா, கிடார்லயா?

உசிலைக்காரன்

வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம். வயசு 31, இதுக்கு முன்னால எந்த வாத்தியமும் தொட்டதில்லை. கையில இருக்கறது 41 இன்ச் ஸ்டீல் கம்பி கிடார், பழசா 3,500 ரூபாய்க்கு வாங்குனது. தினமும் சாயங்காலம் முக்கால் மணி நேரம் ஒதுக்க முடியும். மதுரைக்கு கிளாஸுக்கு வரணும்னா ஞாயித்துக்கிழமை மட்டும்தான் தோதுப்படும்.

1) மூணு வாரமாச்சு. சி கார்டு (பல கம்பியைச் சேத்து அழுத்துற பிடி) பிடிச்சா பாதிக் கம்பி கொரகொரன்னு சத்தம், மீதி ஊமை. விரல் நுனி எரியுது. இது எல்லாருக்கும் அப்படித்தானா?
2) ஸ்டீலைக் கழட்டிட்டு நைலான் கம்பி போட்டா வலி குறையும்ங்கறாங்க. போடலாமா?
3) போன்ல ட்யூனர் வச்சு ட்யூன் பண்றப்ப ஒண்ணாம் கம்பி ரெண்டு தடவை அறுந்துபோச்சு. ஏன்?
4) முதல் ரெண்டு மாசம் எதை, எந்த வரிசையில பழகணும்?

ஆறுகம்பி

தம்பி, விரலைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி கிடாரைப் பாருங்க. பழைய விலை குறைஞ்ச கிடார்ல பத்துக்கு எட்டுல கம்பி தேவைக்கு மேல உசரத்துல நிக்கும். தேர்ந்த கையே அதுல அரை மணி நேரத்துல ஓஞ்சுபோகும்.

அளக்க ஸ்கேல் வேண்டாம், ஏடிஎம் கார்டு போதும். ஒரு கார்டோட கனம் 0.76 மி.மீ. எண் புடைச்சு நிக்காத பகுதியா பாத்து எடுத்துக்கங்க. முதல்ல கிடாரைச் சரியா ட்யூன் பண்ணிடணும். கம்பி தொய்வா இருந்தா அளவு பொய் சொல்லும். அப்புறம் 12ஆம் ஃப்ரெட் (கழுத்துல குறுக்கா பதிச்சிருக்கற உலோகப் பட்டை) மேல, ஆறாம் கம்பிக்கு (தடிச்சது) அடியில ஏடிஎம் கார்டுகளை அடுக்கி நுழைச்சுப் பாருங்க. மூணு கார்டு கம்பியைத் தூக்காம உக்காந்தா 2.3 மி.மீ., நல்ல உசரம். நாலாவதும் லேசா உள்ள போச்சுன்னா 3 மி.மீ.க்கு மேல, உங்க வலிக்குக் காரணம் அதுதான். ஒண்ணாம் கம்பிக்கு ரெண்டு கார்டு சரி, மூணு கடைசி எல்லை.

உசரத்துக்கு மூணு காரணம் இருக்கலாம். எதுன்னு தெரியாம எதையும் தேய்க்காதீங்க.

கழுத்து வளைஞ்சிருக்கறது ஒண்ணு. ஆறாம் கம்பியை ஒண்ணாம் ஃப்ரெட்லயும், கழுத்து உடம்போட சேர்ற 14ஆம் ஃப்ரெட்லயும் ஒரே நேரத்துல அழுத்திக்கிட்டு 7ஆம் ஃப்ரெட்டைப் பாருங்க. கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு போற இடைவெளி (0.25 மி.மீ. போல) இருக்கணும். ஏடிஎம் கார்டே போகுதுன்னா கழுத்து கம்பி இழுக்கற பக்கம் வளைஞ்சிருச்சு. ட்ரஸ் ராடை (கழுத்துக்குள்ள ஓடற இரும்புத் தண்டு) அலன் கீ வச்சு வலப்பக்கமா கால் சுத்து, அதுக்கு மேல ஒரே நாள்ல வேண்டாம். திருப்பிட்டு மறுபடி ட்யூன் பண்ணி மறுநாள் அளங்க. இறுகிக்கிட்டு திரும்ப மறுத்தா விட்டுடுங்க, பலம் காட்டுனா மரை போயிடும். மலிவுக் கிடார் சிலதுல திருப்பற வசதியே இருக்காது.

ரெண்டாவது, பிரிட்ஜ் (மேல்பலகையில ஒட்டியிருக்கற, கம்பி மாட்டற மரக்கட்டை) பெயர்றது. பிரிட்ஜோட பின்விளிம்புக்கு அடியில ஒரு வெள்ளைத்தாளை நுழைச்சுப் பாருங்க. தாள் உள்ள போச்சுன்னா கம்பியை உடனே தளர்த்திடுங்க. ஃபெவிக்விக் ஊத்துற வேலையே வேண்டாம். பின்னால முறையா ஒட்ட வர்றவர் அதைக் கழட்டுனா மேல்பலகை நாரோட சேந்து பிஞ்சு வரும்.

இது ரெண்டும் இல்லைன்னா சேடில்தான் உசரம். பிரிட்ஜ் மேல வெள்ளையா நிக்கற பட்டை. கம்பியைத் தளர்த்தி, சேடிலை உருவி, அடிப்பக்கத்தை மட்டும் தேய்க்கணும். கணக்கு இதுதான்: சேடில்ல 1 மி.மீ. தேச்சா 12ஆம் ஃப்ரெட்ல அரை மி.மீ. தாழும். பென்சில்ல கோடு போட்டுக்கிட்டு, 220 நம்பர் உப்புத்தாளைச் சமமான கடப்பாக் கல்லு மேல விரிச்சு, சேடிலை நேரா நிறுத்தித் தேயுங்க. உப்புத்தாளைக் கையில பிடிச்சுத் தேச்சா அடி உருண்டையாகி சத்தம் செத்துப்போகும். பாதி தேச்சதும் மாட்டி அளந்து பாத்துட்டு மீதி.

பிரிட்ஜுக்கு மேல சேடில் ஏற்கெனவே 2 மி.மீ.தான் தெரியுது, ஆனாலும் கம்பி உசரம்னா கழுத்தோட கோணமே மாறிடுச்சுன்னு அர்த்தம். அதைச் சரிபண்ற கூலி கிடார் விலையைத் தாண்டும். அந்தக் கிடாருக்குச் செலவழிக்காதீங்க.

கடைசியா நட், தலைப்பக்கம் கம்பி உக்கார்ற பட்டை. ஒரு கம்பியை 3ஆம் ஃப்ரெட்ல அழுத்திக்கிட்டு ஒண்ணாம் ஃப்ரெட் மேல பாருங்க. முடி அளவு இடைவெளி இருந்தா சரி. கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரிஞ்சா சி, எஃப் மாதிரி ஒண்ணாம் ஃப்ரெட் கார்டெல்லாம் இதனாலதான் வலிக்குது. நட் காடியை வீட்டு அரத்துல அராவாதீங்க. ஒரு இழுப்பு கூடுனா கம்பி ஃப்ரெட்ல இடிச்சுக்கிட்டே இருக்கும், புது நட் வாங்கணும். இதை மட்டும் அதுக்குன்னு அரம் வச்சிருக்கறவர்கிட்ட குடுங்க.

நைலான் கேட்டிருந்தீங்க. போடாதீங்க. ஸ்டீல் கிடாரோட மேல்பலகை 60, 70 கிலோ இழுவைக்குன்னு கட்டுனது. நைலான் செட்டோட இழுவை 40 கிலோவைத் தாண்டாது, பலகை அதிரவே அதிராது, சத்தம் மொத்தையா வரும். இதை மாத்திச் செய்யறது இன்னும் மோசம்: நைலான் கிடார்ல ஸ்டீல் போட்டா பிரிட்ஜ் பிஞ்சு மூஞ்சிக்கு வரும். உங்களுக்கு வேண்டியது 10-47 செட் (மெல்லிய கம்பி 0.010 இன்ச், தடிச்சது 0.047). கடையில எக்ஸ்ட்ரா லைட்னு கேளுங்க. சாதாரண 12-53 செட் கிட்டத்தட்ட 73 கிலோ இழுக்குதுன்னா இது 59. விரலுக்கு அந்த வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

சுதிப்பெட்டி

கம்பி அறுந்ததற்கு ட்யூனர் காரணமல்ல, எழுத்தை மட்டும் பார்த்துத் திருகியதே காரணம். ஒண்ணாம் கம்பி, ஆறாம் கம்பி இரண்டுக்கும் ட்யூனர் "இ" என்றே காட்டும். எந்த "இ" என்று எண்தான் சொல்லும். தடித்த கம்பியிலிருந்து வரிசையாக: இ 82.4, ஏ 110, டி 146.8, ஜி 196, பி 246.9, இ 329.6 ஹெர்ட்ஸ். கட்டைக் கணக்கில் (சுருதிக்கு நம் ஊர் எண்; ஒரு கட்டை என்றால் சி) பழகியவர்கள் 3, 6, 2, 5, 7, 3 என்று மனப்பாடம் செய்துகொள்ளலாம். ஸ்வரம் 329.6ஐத் தாண்டியும், ட்யூனர் அடுத்த ஸ்வரத்துக்குத் தாவிவிட்டதால், முள் இடப்பக்கம் (குறைவு என்று) நிற்கிறதே என்று திருகிக்கொண்டே போனால் கம்பி அறுகிறது. வேறு கம்பியின் முடுக்கியைத் திருகிக்கொண்டிருப்பதும் அடிக்கடி நடப்பதுதான்.

ஒரே இடத்தில், அதாவது சேடில் அருகிலோ முடுக்கி அருகிலோ திரும்பத் திரும்ப அறுகிறதென்றால் அங்கே பிசிறு இருக்கிறது. மெல்லிய உப்புத்தாளை மடித்து ஒரு முறை நீவி விடுங்கள்.

போன் செயலியைவிட தலையில் கவ்வும் கிளிப் ட்யூனர் நல்லது. போன் மைக் வழியாகக் கேட்கிறது. பக்கத்துத் தெருவில் முளைப்பாரிக்குக் குழாய் கட்டினால் அதற்குப் புத்தி பேதலித்துவிடும். கிளிப் மரத்தின் அதிர்வை மட்டும் வாங்கும். எப்போதும் சுருதிக்குக் கீழிருந்து மேலேற்றி நிறுத்துங்கள். ஏறிவிட்டால் அரைச் சுற்று தளர்த்தி மறுபடி ஏற்றுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் பல்சக்கரத்தின் தளர்வில் இரண்டே நிமிடத்தில் இறங்கிவிடும். புதுக் கம்பி முதல் மூன்று நாள் நீளும், அது பழுதல்ல.

வைகைக்கரை

நாலாவது கேள்விக்கு நான் சொல்றேன்.

முக்கால் மணி நேரத்தை ஒரே மூச்சுல உக்காராதீங்க. 15 நிமிசமா மூணு தடவை. குளிச்ச கையோட, பாத்திரம் கழுவுன கையோட எடுக்காதீங்க, தோல் ஊறியிருந்தா கம்பி வெட்டும். காய்ப்பு விழ மூணு நாலு வாரம் ஆகும். நுனி எரியறது சரி. மணிக்கட்டு வலிச்சாலோ விரல் மரமரத்தாலோ அது பழக்கம் இல்லை, பிடி தப்பு. நிறுத்திட்டு கட்டைவிரலைக் கழுத்துக்குப் பின்னால நடுவுல கொண்டு வாங்க.

கொரகொர சத்தத்துக்கு, கிடாரைச் சரிபண்ணுன பிறகும், முக்காவாசி காரணம் விரல் நிக்கற இடம். ரெண்டு ஃப்ரெட் கம்பிக்கு நட்டநடுவுல அழுத்துறீங்க. கிடார் உடம்புப் பக்கத்து ஃப்ரெட்டை ஒட்டி, அதுக்கு மேல ஏறாம வைங்க. பாதி பலம் போதும். சோதிக்கணும்னா விரலைச் சும்மா தொட்ட மாதிரி வச்சு தட்டிக்கிட்டே மெதுவா அழுத்தத்தைக் கூட்டுங்க. சுத்தமா சத்தம் வந்த இடத்துல நிறுத்திக்கங்க. அதுக்கு மேல அழுத்துறதெல்லாம் வீண் கூலி.

சி-ல தொடங்குனதே தப்பு. இ மைனர்ல தொடங்குங்க: அஞ்சாம் கம்பி 2ஆம் ஃப்ரெட்ல நடுவிரல், நாலாம் கம்பி 2ஆம் ஃப்ரெட்ல மோதிரவிரல், மத்ததெல்லாம் திறந்த கம்பி. அடுத்து ஏ மைனர்: அதே ரெண்டு விரலையும் அப்படியே ஒரு கம்பி கீழ இறக்கி, நாலாம் கம்பி, மூணாம் கம்பி 2ஆம் ஃப்ரெட்ல வச்சு, ஆள்காட்டியை ரெண்டாம் கம்பி 1ஆம் ஃப்ரெட்ல. இப்ப சி எவ்வளவு கிட்டக்க இருக்குன்னு பாருங்க. ஆள்காட்டி, நடுவிரல் ரெண்டும் அசையாது. மோதிரவிரல் மட்டும் மூணாம் கம்பியை விட்டு அஞ்சாம் கம்பி 3ஆம் ஃப்ரெட்டுக்குத் தாவும். இந்த ஒரு தாவலை மட்டும் ஒரு வாரம் பழகுங்க.

மணி பாத்து ஒரு நிமிசத்துல எத்தனை மாத்தம்னு எண்ணி எழுதி வைங்க. முதல் நாள் 8, 10 வரும். 30 வந்தா மெதுவான பாட்டுக்குத் தாங்கும், 60 வந்தா அடுத்த ஜோடிக்குப் போங்க. அப்புறம் ஜி, டி. ஜி-க்கு நடுவிரல் அஞ்சாம் கம்பி 2, மோதிரவிரல் ஆறாம் கம்பி 3, சுண்டுவிரல் ஒண்ணாம் கம்பி 3. புத்தகத்துல ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல்னு போட்டிருக்கும். அதுவும் சரிதான், ஆனா சி-க்கு மாற இதுதான் சுளுவு.

வலது கைக்கு மெட்ரோனோம் (சீரா தாளம் தட்டற கருவி) 60-ல வச்சு நாலு கீழ் அடி. கை ஊசல் மாதிரி ஓயாம ஆடணும், கார்டு மாறலைன்னாலும் நிக்கக் கூடாது. இடது கை தடுமாறும்போது வலது கையையும் சேத்து நிறுத்திப் பழகிட்டா அதை உதறவே ஆறு மாசம் ஆகும். நம்ம பாட்டுல பாதி தகிட தகிட-ன்னு ஆறு எண்ணிக்கைல ஓடும். மெதுவா இருக்கப்ப ஆறும் கீழ் அடி, ஒண்ணுலயும் நாலுலயும் அழுத்தம். வேகம் கூடுனா கீழ், மேல்னு மாறி மாறி வரும். அப்ப ரெண்டாவது "த" மேல் அடில விழும். எல்லாரும் சறுக்கறது அங்கதான், அந்த மேல் அடிக்கு அழுத்தம் குடுத்துத் தனியா பழகுங்க.

பிக் (கம்பியைத் தட்டற சின்ன வில்லை) 0.7 மி.மீ. வாக்குல வாங்குங்க. காலாவதியான ஏடிஎம் கார்டை வெட்டி விளிம்பைத் தேச்சாலும் அதே கனம்தான்.

உசிலைக்காரன்

அண்ணே, அளந்து பாத்தேன். ஆறாம் கம்பில நாலு கார்டும் தாராளமா போகுது. விசிட்டிங் கார்டு சோதனை சரியா இருக்கு, பிரிட்ஜ் அடியில தாள் போகலை, சேடில் 5 மி.மீ. வெளிய தெரியுது. எவ்வளவு தேய்க்க? எஃப் கார்டு எப்ப தொடங்கலாம்?

ஆறுகம்பி

உங்க நேரம் நல்லா இருக்கு தம்பி, தேய்க்க இடம் இருக்கு. நாலு கார்டு 3.04, அதுவும் தாராளமான்னா 3.2 வச்சுக்கங்க. 2.4-க்கு இறக்கணும்னா 0.8 குறையணும், சேடில்ல அதோட ரெண்டு மடங்கு, 1.6. முதல்ல 1.2 தேச்சு மாட்டிப் பாருங்க. 10-47 கம்பி இழுவை குறைச்சல்ங்கறதால கழுத்து கொஞ்சம் பின்னால நிமிரும், உசரம் தானாவே ஒரு துளி தாழும். அதனால புதுக் கம்பி போட்டு ரெண்டு நாள் விட்டு அளந்துட்டு அப்புறம் உப்புத்தாளை எடுங்க.

வைகைக்கரை

எஃப் மூணாவது மாசம். ஆள்காட்டியை ஆறு கம்பி மேலயும் முழுசா படுக்கவைக்க வேண்டாம். ஆள்காட்டி ஒண்ணு, ரெண்டாம் கம்பி 1ஆம் ஃப்ரெட்ல, நடுவிரல் மூணாம் கம்பி 2, மோதிரவிரல் நாலாம் கம்பி 3. அஞ்சும் ஆறும் அடிக்காதீங்க. ஆள்காட்டியோட நடுச்சதையை விட, கட்டைவிரல் பக்கமா லேசா சாய்ச்ச எலும்பு விளிம்பு நல்லா அழுத்தும்.

சுதிப்பெட்டி

பாடகருக்கு வாசிக்கப் போகிறீர்களென்றால் ஒரு கேப்போ (ஒரு ஃப்ரெட்டில் எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தி சுருதியை ஏற்றும் கவ்வி) வாங்கிவிடுங்கள். அவர் அஞ்சரைக் கட்டை என்றால் 1ஆம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு ஜி வடிவங்கள். ஒரு கட்டை என்றால் 5ஆம் ஃப்ரெட்டில் அதே ஜி. இரண்டு கட்டை என்றால் 2ஆம் ஃப்ரெட்டில் சி வடிவங்கள். எஃப் இல்லாமலே வெகுதூரம் போகலாம். மாட்டியதும் சுருதியை மறுபடி பாருங்கள், கேப்போ கம்பியை இழுத்து ஏற்றிவிடும்.

விரல் பயிற்சிக்கு அர்த்தமில்லாமல் 1-2-3-4 என்று ஓட்டுவதைவிட சரளி வரிசை மேல். மாயாமாளவகௌளை, ஸ அஞ்சாம் கம்பி 3ஆம் ஃப்ரெட். ரி அதே கம்பி 4. க நாலாம் கம்பி 2. ம அதே கம்பி 3. ப மூணாம் கம்பி திறந்து. த அதே கம்பி 1. நி இரண்டாம் கம்பி திறந்து. மேல் ஸ அதே கம்பி 1. ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று ஆள்காட்டி முதல் சுண்டுவிரல் வரை நான்கு விரலுக்கும் வேலை வரும். காதுக்குத் தெரிந்த வரிசை என்பதால் தப்பான ஃப்ரெட்டில் வைத்தால் உடனே உறுத்தும்.

ஆறுகம்பி

விட்டுப்போனது ஒண்ணு: வாசிச்சு முடிச்சதும் பழைய வேட்டித் துணியால கம்பியோட அடிப்பக்கம் சேத்து துடைங்க, நம்ம ஊரு வேர்வைக்கு ஒரு மாசத்துல துரு ஏறும். பலகைக்குத் தேங்காண்ணெய் போடாதீங்க, சிக்கு வாடை அடிக்கும். கத்திரி வெயில்ல கார் டிக்கில வச்சுட்டு டீ குடிக்கப் போயிராதீங்க. பசை இளகி பிரிட்ஜ் கிளம்பறது பெரும்பாலும் அப்பதான்.