50 மில்லிகிராம் முடியுமா முடியாதா? சிங்கப்பூர் கட்டுமான சைட்காரங்க வாங்க

பொங்கோல்_குமார்: ஒருத்தர் இங்க எழுதியிருக்கார், "சைட்டை சுத்தி சில்ட் ஃபென்ஸ் துணி கட்டிட்டா ஈசிஎம் (சேறு வெளிய போகாம தடுக்குற ஏற்பாடு) முடிஞ்சுது, மத்ததெல்லாம் காசு புடுங்குற வேலை"ன்னு. படிச்சதும் பத்திக்கிட்டு வருது. டிரெயின்ல, அதான் மழைத்தண்ணி வாய்க்கால்ல, விடுற தண்ணியில லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல மண்ணு இருக்கக்கூடாதுங்கிறது பியூபி (இங்கத்த தண்ணி வாரியம்) ரூல். அந்தத் துணி மணலை நிறுத்தும், பொடிக் களிமண்ணு அதுல பூந்து டீ கலர்ல போயிட்டேதான் இருக்கும்.

லாரிக்காரன்: எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே திட்டுங்க. 50ன்னு பேப்பர்ல எழுதிடலாம். மத்தியானம் கொட்டுற மழையில 50 காட்டின ஒரு சைட்டை சொல்லுங்க பாப்போம்.

பொங்கோல்_குமார்: மழைக்குத்தானய்யா இந்த ரூலே! வருஷத்துக்கு 2,400 மில்லிமீட்டர் பெய்யுற ஊர்ல மண்ணை ஏன் தொறந்து போடுறீங்க? சரிவுல கேன்வாஸ் மூடு, வண்டி ஓடுற வழியில கல்லு கொட்டு, சுத்தி கட்-ஆஃப் டிரெயின் வெட்டி சிமெண்ட் பூசு, வர்ற தண்ணிய பாண்ட் குட்டையில தேக்கி, கெமிக்கல் போட்டு மண்ணை அடியில படிய வச்சு, அப்புறம் வெளிய விடு. கியூஈசிபி, அதான் மண் அரிப்பு தடுப்பு நிபுணர், கையெழுத்து போட்ட பிளான்ல இதெல்லாம்தானே இருக்கு, நீங்க ஃபென்ஸ் பக்கத்தை மட்டும் படிச்சீங்களா?

மீட்டர்_மணி: எங்க சைட்ல 30 காட்டுது அண்ணே, மழையிலயும்.

லாரிக்காரன்: அது என்டியூ தம்பி, தண்ணி எவ்வளவு கலங்கலா இருக்குன்னு சொல்ற அளவு, மில்லிகிராம் இல்ல. மீட்டரே பாக்கத் தெரியல, இதுல சாட்சி சொல்ல வந்துட்டாரு.

மீட்டர்_மணி: லேப்ல குடுத்து ரெண்டையும் ஒப்பிட்டுத்தான் சொல்றேன். சேஃப்டி கோர்ஸ் பத்தின திரியில உங்களை மடக்கினேனே, அந்தக் கடுப்பு இன்னும் போகலையா?

லாரிக்காரன்: யாரு யாரை மடக்கினா? 50 காட்டின சைட் பேரைச் சொல்லு.

செம்மண்: ரெண்டு பேரும் நம்பரையே புடிச்சு தொங்குறீங்க. ராத்திரி பத்து மணிக்கு டிரெயினுக்குள்ள எறங்கி சேறு அள்ளுறது நாங்க. ஓவர்டைம் குடுக்கறதைப் பத்தி ஒருத்தராவது பேசுறீங்களா?

பொங்கோல்_குமார்: பாண்டை நேரத்துக்கு தூர் வாரியிருந்தா உங்களை ராத்திரி எறக்க வேண்டியதே இல்ல, அதுக்கும் சேத்துதான் கத்துறேன். இந்த நாட்டுல மூணுல ரெண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்பு. 2008ல மரினா பராஜ் அணை வந்ததுக்கப்புறம் டவுன் நடுவுல ஓடுற தண்ணியும் குடிக்கிற தண்ணிதான். நாம விடுற சேறு அங்கதான் போய் சேருது.

லாரிக்காரன்: பாடம் எடுக்காதீங்க, நானும் அதே தண்ணியத்தான் குடிக்கிறேன். 50 முடியுமா முடியாதா?

பொங்கோல்_குமார்: முடியும். மூடி வச்சா முடியும். டிரெயின் வாயில கேமராவே வச்சிருக்கான், அதுலயும் துணியக் கட்டிடுவீங்களா?

லாரிக்காரன்: சைட் பேரு?

மீட்டர்_மணி: கம்பெனி பேரை இங்க போட்டா வேலை போயிடும்னு தெரிஞ்சுதானே கேக்குறீங்க.

லாரிக்காரன்: அப்ப இல்லன்னு அர்த்தம்.

செம்மண்: ஓவர்டைம்?