கே ரீடிங்கை மட்டும் வைத்துக் கெரட்டோகோனஸைப் பிடிக்க முடியுமா?

கண்ணாடிக்காரன் கேட்டது:

வணக்கம். பதினோரு வருடமாகப் பவர் பார்க்கிறேன். கேள்வி கெரட்டோகோனஸ் பற்றி, அதாவது கார்னியா (கண்ணின் முன்னுள்ள தெளிவான படலம்) மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் நோய். என் அறையில் இருப்பது கே ரீடிங்கும் (கார்னியாவின் வளைவை டயாப்டர் என்ற அலகில் சொல்லும் எண்) தருகிற ஒரு ஆட்டோ ரெஃப்ராக்டோமீட்டர் (தானாகப் பவர் அளக்கும் மெஷின்), ஒரு ரெட்டினோஸ்கோப் (கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவர் பார்க்கும் கருவி), டிரையல் பெட்டி, அப்புறம் மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் பழைய கெரட்டோமீட்டர் (கே ரீடிங் எடுக்கும் கருவி, கையால் திருகுகிற வகை). டோப்போகிராஃபி மெஷின் (கார்னியா முழுவதின் வளைவையும் வண்ண வரைபடமாகத் தருவது) கிடையாது, இப்போதைக்கு வாங்கவும் முடியாது.

கேட்கக் காரணம் ஒரு பையன். முதலில் வந்தபோது 16 வயது. வலது கண் மைனஸ் 1, சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் கூடுதலாகத் தேவைப்படும் பவர்) 1.25. இடதில் சிலிண்டர் வெறும் அரை. எட்டு மாதத்தில் திரும்ப வந்தான். வலது சிலிண்டர் 2.25 ஆகியிருந்தது, ஆக்ஸிஸும் (அந்தத் திசையின் கோணம்) 25 டிகிரி நகர்ந்திருந்தது. என்ன லென்ஸ் போட்டாலும் 6/9 வரிக்குக் கீழே இறங்கவில்லை. "எழுத்துக்கு அடியில் வால் மாதிரி ஒரு நிழல் தொங்குது சார்" என்றான். புதுக் கண்ணாடி, போகப் போகப் பழகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அடுத்த வருடம் அவன் அம்மா ஒரு ஃபைலோடு வந்து நின்றார். இரண்டு கண்ணிலும் கெரட்டோகோனஸ், வலதில் நன்றாகவே முற்றியிருக்கிறது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

பழைய பிரிண்டைத் தேடி எடுத்தேன். வலது கே 44.25, 46.50. 47.2-ஐத் தாண்டினால்தான் சந்தேகப்பட வேண்டும் என்று எப்போதோ படித்த ஞாபகம். இது அதற்குள்தானே இருக்கிறது? பிறகு எந்த எண்ணில்தான் கோடு போடுவது?

வளையம் எழுதியது:

சார், 47.2 என்பது சரியான ஞாபகம்தான், ஆனால் பாதி ஞாபகம். அது யாரோன் ரபினோவிட்ஸ் 1989-இல் சக மருத்துவரோடு சேர்ந்து சொன்ன அளவுகோல். அதே மூச்சில் அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். மையத்திலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி, கார்னியாவின் கீழ்ப்பக்கச் சராசரியிலிருந்து மேற்பக்கச் சராசரியைக் கழித்தால் 1.4 டயாப்டருக்கு மேல் வரக்கூடாது. எல்லோரும் முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டார்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, உங்கள் மெஷினால் இரண்டாவதை அளக்கவே முடியாது.

நான் 14 வருடமாக டோப்போகிராஃபி எடுக்கிறேன். நம் கெரட்டோமீட்டர் பார்ப்பது கார்னியாவின் நடுவில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அகல வட்டம் ஒன்றை, அதிலும் சில புள்ளிகளை மட்டும். கூம்பு பெரும்பாலும் அதற்குக் கீழேதான் கிளம்பும். மேஜை நடுவில் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு ஓரம் சரியவில்லை என்று எப்படி எழுதிக் கொடுப்பது? இன்னொரு பக்கமும் இருக்கிறது. இரண்டு கண்ணிலும் 47.75, கார்னியாவில் பிரதிபலிக்கும் கருவியின் வளையம் சுத்தமான வட்டம், 6/6 பார்வை, ஐந்து வருடமாக ஒரு மாற்றமும் இல்லாதவர்களை நானே பார்த்திருக்கிறேன். கார்னியா பிறவியிலேயே கொஞ்சம் செங்குத்து, அவ்வளவுதான்.

அதனால் எண்ணை விடுங்கள், வித்தியாசத்தைப் பிடியுங்கள். வலது கண்ணும் இடது கண்ணும் கண்ணாடிப் பிம்பம் போல ஒத்திருக்க வேண்டியவை. அந்தப் பையனுக்கு ஒன்றில் அரை, இன்னொன்றில் 1.25. எட்டு மாதத்தில் ஒரு டயாப்டர் ஏறி, ஆக்ஸிஸும் ஓடியது. பதினாறு வயதில் மைனஸ் ஏறுவது சாதாரணம். சிலிண்டர் இந்த வேகத்தில் ஏறுவது சாதாரணம் இல்லை. அந்த வால் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிய துப்பு. கீழே கூம்பு இருந்தால் வெளிச்சம் ஒரு பக்கமாக இழுபட்டு விழும். அன்றைக்குப் பின்ஹோல் (சிறு துளையிட்ட தகடு) வைத்திருந்தால் அநேகமாக இன்னும் ஒரு வரி படித்திருப்பான்.

இப்போது மூலையில் கிடக்கும் கெரட்டோமீட்டருக்கு வருவோம். துணியை எடுங்கள். முதலில் நேராகப் பார்க்கச் சொல்லி கே எடுங்கள். அப்புறம் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே உயர்த்தச் சொல்லி மறுபடி எடுங்கள். கருவி இப்போது கார்னியாவின் கீழ்ப்பகுதியைப் பார்க்கிறது. நல்ல கார்னியா ஓரத்தை நோக்கித் தட்டையாகிக்கொண்டே போகும், அதனால் எண் குறையும் அல்லது அப்படியே நிற்கும். ஒரு டயாப்டரோ அதற்கு மேலோ ஏறினால் அனுப்பிவிடுங்கள். வளையத்தின் உருவத்தையும் பாருங்கள்: முட்டையாக நசுங்குகிறதா, வளையத்தோடு தெரியும் கூட்டல் குறிகள் எவ்வளவு திருகினாலும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார மறுக்கின்றனவா? ஆட்டோ மெஷின் இதையெல்லாம் விழுங்கிவிட்டு அழகாக ஒரு எண்ணைத் துப்பும். என்னைக் கேட்டால் அந்த வசதிதான் நம்மைக் கெடுத்தது. ரெட்டினோஸ்கோப்பில் கத்தரிக்கோல் திறந்து மூடுவது போல ஒளி அசைந்தால் அப்புறம் யோசிக்கவே வேண்டாம்.

லென்ஸ்மேடை எழுதியது:

வளையம் மேடம் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. மேலே பார்க்கச் சொல்லி எண் ஏறிவிட்டது என்று அன்றைக்கே வீட்டாரிடம் நோயின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கு லென்ஸ் அழுத்தியே கார்னியா உருமாறி, கெரட்டோகோனஸ் போலவே காட்டும். சாஃப்ட் லென்ஸ் என்றால் ஓரிரு வாரம், கெட்டி லென்ஸ் என்றால் இன்னும் பல வாரம் கழற்றி வைத்துவிட்டுத் திரும்ப அளக்க வேண்டும். கண் வறண்டிருந்தாலும் வளையம் கிழிந்துதான் தெரியும். நாலு தடவை இமைக்கச் சொல்லிவிட்டு எடுங்கள்.

ஸ்கேனுக்கு அனுப்புகிற இடத்தில் என்ன மெஷின் என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. பிளாசிடோ வளையம் (கார்னியாவில் வட்டங்களைப் பிரதிபலிக்க வைத்து அளக்கும் வகை) கார்னியாவின் முன்பக்கத்தை மட்டும்தான் பார்க்கும். கார்னியாவைக் குறுக்குவெட்டாகப் படம் எடுக்கும் ஷைம்ப்ஃப்ளக் கேமராவோ, முன்பகுதி ஓசிடி ஸ்கேனோ பின்பக்க மேட்டையும் ஒவ்வொரு இடத்தின் தடிமனையும் சேர்த்துத் தரும். ஆரம்ப நிலையில் பின்பக்கம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். முன்பக்கத்தில் சுமார் 50 மைக்ரான் எபிதீலியம் (கார்னியாவின் மேல்தோல்) போர்த்தியிருக்கிறது. மேடு இருக்கும் இடத்தில் அது மெலிந்து, சுற்றிலும் தடித்து, பள்ளம் மேட்டைப் பூசி மறைத்துவிடும். 2015-இல் வெளிவந்த உலகளாவிய நிபுணர் ஒருமித்த கருத்தும் பின்பக்க மேடு, தடிமன் பரவலில் கோளாறு இரண்டும் இருந்தே ஆக வேண்டும் என்கிறது. நடுத்தடிமன் சராசரி 540 மைக்ரான் பக்கம். ஆனால் 500-க்குக் கீழே இருந்தும் ஆரோக்கியமானவர்கள் உண்டு. மிக மெல்லிய புள்ளி நடுவைவிட்டு எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நிழல்வால் எழுதியது:

நான் கண் பார்க்கிற ஆள் இல்லை, கெரட்டோகோனஸ் வந்த ஆள். என் கண்ணாடியும் மூன்று தடவை மாறியது. வால் தெரிகிறது என்று நானும் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. ஒருவர்கூட "கண்ணைக் கசக்குவாயா?" என்று கேட்கவில்லை. கசக்குவேன், விரல் முட்டியை வைத்துத் திருகித் திருகிக் கசக்குவேன். அலர்ஜி. கிராஸ்லிங்கிங் (கார்னியாவைக் கெட்டிப்படுத்தி நோயை நிறுத்தும் சிகிச்சை) செய்ய கார்னியா 400 மைக்ரான் தடிமனாவது இருக்க வேண்டும் என்றார்கள். இடது கண்ணில் 418 இருந்ததால் தப்பித்தேன். ஏறுவது நின்றது, ஏறியது இறங்கவில்லை. கண்ணாடிக்காரன் சார், அந்தக் கேள்வியை மட்டும் எல்லோரிடமும் கேளுங்கள்.

கண்ணாடிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கெரட்டோமீட்டரைத் துடைத்து, பல்பு மாற்றி, முதலில் என் கண்ணிலேயே எடுக்கச் சொன்னேன். நேராக 43.00, மேலே பார்த்தால் 42.50. இந்த வாரம் எட்டுப் பேருக்கு எடுத்ததில் ஒரு பெண்ணுக்கு ஒன்றேகால் ஏறியது. கேட்டால் காலையில்தான் லென்ஸைக் கழற்றிவிட்டு வந்தாராம். இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

வளையம் எழுதியது:

நல்லது சார். ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்தப் பையனுக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா? இது குடும்பத்தில் ஓடக்கூடியது.

கண்ணாடிக்காரன் எழுதியது:

தங்கை இருக்கிறாள், 13 வயது. மேடம், போன மாதம்தான் அவளுக்கு நானே கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. அம்மாவை அழைத்து, காரணத்தை மறைக்காமல் சொன்னேன். இன்று கூட்டிக்கொண்டு வந்தார்கள். வலது: நேராக 43.75, மேலே 43.50. இடது: நேராக 44.00, மேலே 45.25, மூன்று தடவை எடுத்தும் அதேதான். லென்ஸ் போட்டதே இல்லை. கண்ணைக் கசக்குவாயா என்றேன், அம்மா முந்திக்கொண்டு ஆமாம் என்றார். பார்வை இரண்டிலும் 6/6. பின்பக்கமும் பார்க்கிற மெஷின் இருக்கும் இடமாகப் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஸ்கேன்.

வளையம் எழுதியது:

நல்ல காரியம் சார். அதுவரை கண்ணில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பிரிண்ட் வந்ததும் வண்ணத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், பக்கத்தில் உள்ள அளவுகோலை முதலில் பாருங்கள். படி கால் டயாப்டர் என்று வைத்திருந்தால் நல்ல கார்னியாவும் சிவப்பாகத்தான் தெரியும். இரண்டு கண்ணின் பிரிண்டையும் சேர்த்தே போடுங்கள்.