சைக்கிள் ட்ரெய்லர் சுமையோடு ஆடுகிறது, அவசர உதவி தேவை

புதுச்சக்கரம்: நானே செய்த ட்ரெய்லர். காலியாக இழுத்தால் ஒரு தொந்தரவும் இல்லை. சுமை ஏற்றி இறக்கத்தில் வந்தால் இடமும் வலமுமாக ஆடி, சைக்கிளையும் சேர்த்து ஆட்டுகிறது. நேற்று விழ இருந்தேன். ஞாயிறு வீடு மாற்ற வேண்டும். என்ன செய்யலாம்?

பட்டறை: எத்தனை சக்கரம்? சீட் தண்டில் மாட்டியிருக்கிறீர்களா, சைக்கிளின் பின் ஆக்சிலிலா (சக்கர அச்சிலா)? எவ்வளவு எடை?

நட்டுபோல்ட்: இணைப்பில் லூஸ் இருக்கும், வேறொன்றும் இல்லை. போல்ட் துளை தேய்ந்து பெரிதாகியிருக்கும். கையால் அசைத்துப் பாருங்கள்.

பழையமிதி: வெல்டிங் பிடிக்கத் தெரிந்தால் போதாது தம்பி. எடை எங்கே உட்கார வேண்டும் என்று தெரிந்துகொண்டு அப்புறம் இரும்பை வெட்ட வேண்டும். படம்கூடப் போடாமல் கேட்டால் யார் என்ன சொல்வது?

புதுச்சக்கரம்: இரண்டு சக்கரம், 20 அங்குலம். சீட் தண்டில் மாட்டியிருக்கிறேன். சுமை 40 கிலோ இருக்கும். இறக்க வசதியாக இருக்கட்டும் என்று புத்தகப் பெட்டிகளைப் பின்னால் அடுக்கினேன்.

பட்டறை: அதுதான் காரணம். பாரம் ட்ரெய்லர் ஆக்சிலுக்குப் பின்னால் போனால் வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடும். கனமான பெட்டி ஆக்சிலுக்குச் சற்று முன்னால் வரட்டும். இழுவைக் கம்பியின் நுனியை, மாட்டும் உயரத்திலேயே, எடை பார்க்கும் மெஷின் மேல் தாங்கிப் பாருங்கள். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 4 கிலோ காட்டினால் நல்லது.

நட்டுபோல்ட்: சரி, ஆனால் சீட் தண்டும் தப்புதான். அவ்வளவு உயரத்தில் மாட்டினால், வளைவில் பிரேக் பிடிக்கும்போது சுமை சீட்டைத் தள்ளிச் சைக்கிளைச் சாய்க்கும். சைக்கிளின் பின் ஆக்சில் பக்கம் தாழ்வாக மாட்டுங்கள்.

பழையமிதி: ஆக்சிலில் மாட்டினால் ஒரு பக்கமாகத்தான் இழுக்கும்; நடுவில் இழுப்பதும் அதுவும் ஒன்றா? சீட் தண்டில் மாட்டினால் கூர்மையாகத் திரும்பலாம், பஞ்சரானால் பின்சக்கரத்தைத் தடையில்லாமல் கழற்றலாம். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

நட்டுபோல்ட்: ஒரு பக்க இழுப்பு காலுக்குத் தெரியவே தெரியாது. 40 கிலோ முதுகுக்குப் பின்னால் தள்ளுவது நன்றாகத் தெரியும். லேசான சுமைக்கு மட்டும் நீங்கள் சொல்வது சரி.

மரப்பலகை: ட்ரெய்லர் சக்கரத்தின் ஆக்சிலை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிறதா? சைக்கிள் முன்சக்கரத்தைப் போட்டிருந்தால், அதன் ஆக்சில் பெரும்பாலும் 9 மி.மீ.தான், இரண்டு பக்கமும் தாங்குவதற்கென்றே செய்தது. ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் சுமையில் வளைந்துவிடும். ட்ரெய்லர் வளைவில் சாயாது, அதனால் பக்கவாட்டு அழுத்தமும் சேரும். ரிம்களுக்கு நடுவே உள்ள தூரத்தை முன்னும் பின்னும் அளந்து பாருங்கள், ஒன்றாக இருக்க வேண்டும்.

புதுச்சக்கரம்: மெஷின் 0 காட்டியது. கையை எடுத்தால் கம்பி தானாக மேலே எழும்புகிறது! இரண்டு பெட்டியை முன்னால் தள்ளினேன், 4 கிலோ வந்தது. அதே இறக்கம், ஆடவில்லை. வலது ஆக்சில் வளைந்துதான் இருக்கிறது, ஒரு பக்கம் மட்டுமே பிடித்திருந்தேன். நன்றி அனைவருக்கும்.

மரப்பலகை: அதைத் தட்டி நிமிர்த்தாதீர்கள், திடீரென்று முறியும். புதிது போட்டு, வெளிப்பக்கமும் ஒரு சட்டம் கொடுத்த பிறகு சுமை ஏற்றுங்கள். இணைப்பு கழன்றாலும் ட்ரெய்லர் தனியாக ஓடாமல் ஒரு பட்டை கட்டிவிடுங்கள்.