வெள்ளிக்கிழமை எந்தப் படம்? உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

மதுரைக்காரன்:
இந்த வாரமும் நான்கு படங்கள் வருகின்றன. வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது. நான் வாயே திறப்பதில்லை. காரணம், 2018 அக்டோபர்.

அந்த ஆண்டு மார்ச் மாதம் தயாரிப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததில் ஏப்ரல் 20 வரை புதுத் தமிழ்ப் படமே இல்லாமல் திரையரங்குகள் காய்ந்து கிடந்தது நினைவிருக்கும். அக்டோபர் முதல் வாரம் அதற்கு நேர்மாறு. 4ஆம் தேதி ‘96’, மறுநாள் ‘ராட்சசன்’, கூடவே ‘நோட்டா’. என் மனைவிக்கு ‘96’ பாடல்கள் படம் வருவதற்கு முன்பே மனப்பாடம். எனக்கோ துப்பறியும் படம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். “காதல் படம் எங்கே ஓடிவிடப் போகிறது? அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லி ‘ராட்சசன்’ படத்துக்கு அழைத்துப் போனேன்.

படம் பிரமாதம், அதில் குறையே சொல்ல மாட்டேன். ஆனால் அது பள்ளி மாணவிகளைக் கொல்பவனைத் தேடும் கதை, எங்கள் மகளோ அப்போது ஒன்பதாம் வகுப்பு. பரிசுப் பெட்டிக்குள் பொம்மைத் தலை தெரிந்த நொடியில் என் முழங்கையைப் பிடித்த மனைவி, வீட்டு வாசலில்தான் விட்டாள். அடுத்த பத்து நாள் மகளைப் பள்ளி வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, உள்ளே போகிற ஆசிரியர்களை எல்லாம் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அடுத்த வாரம் மாமனாருக்குக் கண் அறுவைச் சிகிச்சை. அதற்கடுத்த வாரம் ஆயுத பூஜை விடுமுறைக்கு என் தங்கை குடும்பம் வந்துவிட்டது. பிறகு தீபாவளிப் பலகார வேலை. நவம்பர் 6, தீபாவளியன்று, வெளியாகி ஐந்து வாரம்கூட முடியாத ‘96’ படத்தைத் தொலைக்காட்சியில் போட்டுவிட்டார்கள். பொங்கலுக்குத் தள்ளிப்போடுங்கள் என்று திரிஷாவே கேட்டும் பயனில்லை. மனைவி மைசூர்பாகுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். ராமும் ஜானுவும் மனம்விட்டுப் பேச ஆரம்பிக்கும் போதெல்லாம் சோப்பு விளம்பரம். மூன்றாவது சோப்புக்கு ஒலியைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, “இது எங்கே ஓடிவிடப் போகிறது?” என்றாள். அவ்வளவுதான். இன்றைக்கும் காஸ் பதிவு செய்வதை நான் நாளைக்குத் தள்ளிப்போட்டால்கூட அந்த வாசகம்தான் பதில்.

உங்கள் வீட்டில் யார் தீர்மானிக்கிறார்கள்?

நெல்லைத் தம்பி:
எங்கள் வீட்டில் தீர்மானமே கிடையாது, பாகப்பிரிவினைதான். 2023 ஜனவரி 11 அன்று அண்ணன் இரவு 1 மணிக் காட்சிக்குத் ‘துணிவு’, நான் விடிகாலை 4 மணிக்கு ‘வாரிசு’. அவன் திரும்பி வரவும் நான் கிளம்பவும் சரியாக இருந்தது. இரண்டு தடவையும் கதவைத் திறந்து மூடிய அம்மா, “உங்கள் இரண்டு பேர் படமும் நாசமாய்ப் போகட்டும்” என்று பொதுவாக ஆசீர்வதித்தார்.

கோடம்பாக்கத்து அக்கா:
எங்கள் குடும்பத்தில் ஒரு தடவை தீர்மானித்தது நான்தான். அதுவும் எனக்கே தெரியாமல்.

ஒரு வெள்ளிக்கிழமை காலைக் காட்சி முடிந்து வெளியே வந்தேன். ஒரு பையன் மைக்கை மூக்கருகே நீட்டி, “மேடம், படம் எப்படி?” என்றான். “முதல் பாதி நன்றாகத்தான் இருந்தது, சிரித்தோம். இரண்டாம் பாதியில் நான் தூங்கிவிட்டேன், என் தோழிதான் எழுப்பினாள்” என்றேன். மாலையில் வந்த காணொளியில் “நன்றாகத்தான் இருந்தது, சிரித்தோம்” வரைக்கும்தான் நான் இருந்தேன். தூக்கத்தை வெட்டிவிட்டார்கள்.

சனிக்கிழமை இரவு சித்தி போன் செய்தார். “நீ சொல்கிறாயே என்று நம்பித்தானடி ஆறு பேர் போனோம். பாப்கார்னோடு சேர்த்து மூவாயிரம் ரூபாய்!” என்ன சொல்லியும் எடுபடவில்லை. என் முகம், என் குரல், நான் சொன்ன வார்த்தைகள். எதை மறுப்பது? 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம், யூடியூப்காரர்களைத் திரையரங்க வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டபோது, அவர்கள் சொன்ன காரணம் வேறு. நான் என் சித்தியை நினைத்துக் கைதட்டினேன்.

கோவை அப்பா:
ஆகஸ்ட் 14, 2025. ஒரே நாளில் ‘கூலி’, ‘வார் 2’. எங்கள் வீட்டில் இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ரஜினி படம். என் அப்பா, நான், மனைவி, பதினான்கு வயது மகன் என்று நான்கு டிக்கெட் எடுத்தேன். பதிவு செய்யும்போது ‘ஏ’, அதாவது வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று பெரிதாகத்தான் போட்டிருந்தது. ரஜினி படத்துக்கு அப்படி ஒன்று இருக்கும் என்று கண் நம்பவில்லை போலும், விரல் பாட்டுக்குச் சரி சரி என்று அழுத்திவிட்டது. வாசலில் இருந்த பெண் மகனைப் பார்த்து, “தம்பிக்கு வயது என்ன சார்?” என்று கேட்டார். மீசை அரும்பாத பையனை வைத்துக்கொண்டு என்ன பொய் சொல்வது?

அரை மணி நேரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு அப்பாவும் மனைவியும் ‘கூலி’ பார்க்கப் போனார்கள். நானும் மகனும் ‘வார் 2’ டிக்கெட் வாங்கிக்கொண்டு பக்கத்துத் திரைக்குப் போனோம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து விசில் சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு விசிலுக்கும் மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஹிருத்திக் ரோஷன் என்ன செய்தார் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

பொறுமைசாலி:
இவ்வளவு பாடு எதற்கு? நான்கு வாரம் பொறுத்தால் பெரும்பாலான படங்கள் ஓடிடியில் வந்துவிடுகின்றன. நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

மதுரைக்காரன்:
பொறுமைசாலி, நானும் ஐந்து வாரம் பொறுத்தவன்தான்.

ஸ்டாண்டுக்காரர்:
விமர்சனம், காணொளி எல்லாம் பிறகு வந்தவை. தஞ்சை மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர்த் திரையரங்கில் பன்னிரண்டு ஆண்டுகள் வண்டி ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்தேன். படம் எப்படி என்று முதலாளிக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். ஒரு படத்தையும் உட்கார்ந்து முழுதாகப் பார்த்ததில்லை, அது வேறு.

இடைவேளை மணி அடித்ததும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். டீக்கடைப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டால் படம் பிழைத்துக்கொள்ளும். திட்டினால்கூடப் பரவாயில்லை, திட்டுகிறவன் முடிவைப் பார்க்காமல் போக மாட்டான். எல்லோரும் செல்போனைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடித்தால் சந்தேகம். ஸ்டாண்டில் வண்டி உதைக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தால் தீர்ந்தது கதை. ஐந்து வண்டி போனால் திங்கட்கிழமை மாலைக் காட்சியைத் தூக்கிவிடுவார்கள். பத்துக்கு மேல் போனால் புதன்கிழமை வேறு சுவரொட்டி.

இதில் பாவம் சின்னப் படங்கள். வெள்ளிக்கிழமை முப்பது பேர் வருவார்கள், ஒரு வண்டிகூட இடைவேளையில் கிளம்பாது. அந்த முப்பது பேரும் ஊரில் போய்ச் சொல்லி ஆள் வருவதற்குள் திங்கட்கிழமை ஆகிவிடும். வந்து பார்த்தால் காட்சி இருக்காது. “நேற்று வந்திருக்கக் கூடாதா?” என்று நானே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதனால் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சின்னப் படத்தை வெள்ளியன்றே பாருங்கள், பெரிய நடிகர் படம் அடுத்த வாரமும் இருக்கும்.

மதுரைக்காரன்:
ஐயா, ‘ராட்சசன்’ இடைவேளையில் எத்தனை வண்டி போயின?

ஸ்டாண்டுக்காரர்:
ஒன்றே ஒன்று. அதுவும் யாரோ பெட்ரோல் திருடுகிறானோ என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். டவுன் பஸ்ஸில் வந்து இறங்கும் மனைவியைக் கூப்பிட்டு வீட்டில் விட வேண்டுமாம். கிழித்த டிக்கெட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி, “இதைக் காட்டினால் மறுபடி உள்ளே விடுவார்களா அண்ணே?” என்று கேட்டார். இருபது நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார். பின்னால் மனைவியும் உட்கார்ந்திருந்தார், மடியில் காய்கறிப் பையோடு.