ஈறு நோயில் கரைந்த எலும்பு: சிகிச்சை செய்துகொண்டவர்கள் சொல்லுங்க

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று நாக்கு பட்டாலே ஆடுகிறது. எக்ஸ்ரேயில் வேரை ஒட்டி எலும்பு கரைந்து குழியாகியிருக்கிறது. ஈறைத் திறந்து சுத்தம் செய்து, எலும்புத்தூள் வைத்து, மேலே மெல்லிய சவ்வு போடலாம் என்கிறார் டாக்டர். ஈறுச் செல்கள் வேகமாக வளர்ந்து குழியை அடைத்துவிடுமாம். சவ்வு அவற்றைத் தடுத்து நிறுத்தினால், வேரைச் சுற்றிய நாரிலுள்ள ஸ்டெம் செல்கள் எலும்பு கட்டும் செல்களாக மாற அவகாசம் கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மாவுக்குச் சர்க்கரை வேறு; கட்டுக்குள் இல்லையென்றால் ஆறுவதே மந்தம்.

யாராவது செய்திருக்கிறீர்களா? பல் ஆட்டம் நின்றதா? ஊட்டி, குன்னூரில் ஈறு நிபுணர் உண்டா, கோவைக்குத்தான் இறங்கணுமா? மலைப்பாதை வளைவில் அம்மாவுக்கு வாந்தி வரும். பல்லைப் பிடுங்கச் சொல்லாதீங்க, அதை வீட்டிலேயே எல்லோரும் சொல்லியாச்சு.