சாண்ட்ரா ஓ பற்றிக் கட்டுரை: கனடாப் படங்களை எங்கே வைப்பது?

கீற்று:
கனடா நடிகை சாண்ட்ரா ஓவின் திரைவாழ்க்கை பற்றி ஒரு நீண்ட கட்டுரை தயாராகிறது. அவர் நடித்த அமெரிக்கத் தொடர் ‘கிரேஸ் அனாடமி’, பின்னால் வந்த ‘கில்லிங் ஈவ்’ தொடர் இரண்டும் முழுதாகப் பார்த்தாயிற்று. சந்தேகம் மூன்று. 2005-க்கு முன் கனடாவில் நடித்தவற்றில் எதை விட்டால் கட்டுரை நொண்டும்? 2014-க்கும் 2018-க்கும் நடுவே உள்ள காலத்தை ‘இடைவெளி’ என்று எழுதலாமா? கடைசியாக, அவர் 2018-இல் அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றுவிட்டார். இனி அவர் நடிக்கும் படம் கனடாப் படமாகக் கணக்கில் வருமா?

பழையரீல்:
முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன், அதில்தான் சரக்கு இருக்கிறது.

ஒட்டாவா பக்கத்து நெப்பியனில் 1971-இல் பிறந்தவர். மாண்ட்ரியல் நேஷனல் தியேட்டர் ஸ்கூலில் 1993-இல் படிப்பை முடித்தார். அடுத்த ஆண்டே இரண்டு முதன்மை வேடங்கள். ஒன்று கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசியின் தொலைக்காட்சிப் படம் ‘தி டைரி ஆஃப் எவ்லின் லாவ்’. வீட்டை விட்டு ஓடி வான்கூவர் தெருக்களில் வாழ்ந்த பெண்ணின் நிஜக் கதை. மற்றொன்று மீனா ஷம் இயக்கிய ‘டபுள் ஹேப்பினஸ்’. இதற்குத்தான் சிறந்த நடிகைக்கான ஜீனி, அதாவது கனடாவின் திரைப்பட விருது.

‘டபுள் ஹேப்பினஸ்’ படத்தைத் தவிர்க்கவே முடியாது. நடிகையாகத் துடிக்கும் சீனக் கனடியப் பெண் ஜேட், கண்டிப்பான அப்பா. நடிகர் தேர்வில் அவளைச் சீன உச்சரிப்போடு பேசச் சொல்கிற காட்சி ஒன்று வரும். ஹாலிவுட்டில் சாண்ட்ரா ஓவுக்குப் பல வருடம் என்ன மாதிரி வேடங்கள் காத்திருந்தன என்பதற்கு அந்த ஒரு காட்சியே முன்னுரை. இன்னொன்றும் கவனியுங்கள்: இவர் கொரியக் குடும்பத்துப் பெண். 1994-இன் இரண்டு வேடங்களுமே சீனக் கனடியப் பெண்கள். இதைச் சொல்லாமல் ‘தன் கதையையே நடித்தார்’ என்று எழுதினால் பிழை.

இரண்டாவது ஜீனி, டான் மெக்கெல்லர் இயக்கிய ‘லாஸ்ட் நைட்’ படத்துக்கு. நள்ளிரவில் உலகம் முடியப்போகிறது, அதற்குள் டொராண்டோவைக் கடந்து கணவனிடம் போய்ச் சேர வேண்டும். கணவனாக வருபவர் இயக்குநர் டேவிட் க்ரோனன்பெர்க். நடிகை சாரா பாலியும் இருக்கிறார்.

வடக்குஜன்னல்:
‘லாஸ்ட் நைட்’ தேடும்போது ஒரு பள்ளம் உண்டு. 2010-இல் கீரா நைட்லி நடித்த வேறொரு படத்துக்கும் அதே பெயர். ஆண்டைப் போட்டே தேடுங்கள். படம் 1998, ஜீனி மேடை 1999 தொடக்கத்தில். பல பட்டியல்களில் இந்த இரண்டும் கலந்து கிடக்கும். எந்த ஆண்டை எடுத்தாலும் கட்டுரை முழுக்க ஒரே முறையில் போங்கள்.

ஜீனி இப்போது அந்தப் பெயரில் இல்லை. தொலைக்காட்சிக்கான ஜெமினியோடு சேர்த்து 2013 முதல் கனடியன் ஸ்க்ரீன் அவார்ட்ஸ் ஆகிவிட்டது. அதற்காக 1994 விருதையும் புதுப் பெயரில் எழுதிவிடாதீர்கள்.

கணக்கன்:
மூன்றாவது கேள்வி என் பக்கம்.

கனடா அரசின் முழு வரிச்சலுகை பெற, படம் காவ்கோ என்ற அலுவலகத்தின் சான்றிதழ் வாங்க வேண்டும். மொத்தம் 10 புள்ளி: இயக்குநருக்கு 2, திரைக்கதை எழுதியவருக்கு 2, அதிகச் சம்பளம் வாங்கும் முதல் இரண்டு நடிகர்களுக்குத் தலா 1, ஒளிப்பதிவு, கலை இயக்கம், இசை, படத்தொகுப்புக்குத் தலா 1. அந்த இடத்தில் கனடாக்காரர் இருந்தால் புள்ளி. குறைந்தது 6 வேண்டும். ஆனால் 6 வந்தாலும் போதாது. இயக்குநர், எழுத்தாளர் இருவரில் ஒருவரும், அந்த முதல் இரண்டு நடிகர்களில் ஒருவரும் கட்டாயம் கனடாக்காரராக இருக்க வேண்டும்.

இங்கே கனடாக்காரர் என்றால் குடிமகன் அல்லது நிரந்தர வசிப்புரிமை உள்ளவர். குடிமகன் எந்த ஊரில் குடியிருக்கிறார் என்பது பொருட்டில்லை. இன்னொரு நாட்டுக் குடியுரிமை வாங்கியதால் கனடாக் குடியுரிமை போய்விடாது. ஆக சாண்ட்ரா ஓ லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்து நடித்தாலும் புள்ளி உண்டு.

பணம் எவ்வளவு என்றால், தகுதியுள்ள சம்பளச் செலவில் 25 சதவீதம். அந்தச் சம்பளச் செலவுக்கு மொத்தச் செலவில் 60 சதவீதம் உச்சவரம்பு. 20 லட்சம் டாலர் படத்தில் 12 லட்சம் வரைதான் கணக்கில் வரும், அதற்கு 3 லட்சம். வேறு அரசு உதவி வாங்கியிருந்தால் அதை முதலில் கழித்துவிடுவார்கள். வெளிநாட்டில் பெயர் எடுத்த சொந்த ஊர் நடிகையைச் சின்னத் தயாரிப்பாளர்கள் விடாமல் துரத்துவது வெறும் பாசத்தால் அல்ல.

கீற்று:
அப்படியானால் அவர் கதாநாயகியாக இருந்தாலே கனடாப் படமா?

கணக்கன்:
இல்லை. நடிகை ஒருவரால் வருவது 1 புள்ளி. இயக்குநரும் எழுத்தாளரும் வெளியாட்கள் என்றால் மீதி எல்லாம் கனடாக்காரர்களாக இருந்து 6 தேறினாலும் அந்தக் கட்டாய விதியில் அடிபடும். தயாரிப்பாளரும் கனடாக்காரராக இருக்க வேண்டும். டொராண்டோவிலோ வான்கூவரிலோ வந்து எடுக்கும் ஹாலிவுட் படங்களுக்குத் தனிச் சலுகை, 16 சதவீதம். அதில் புள்ளியே பார்ப்பதில்லை. ‘கனடாவில் எடுத்த படம்’, ‘கனடாப் படம்’ இரண்டையும் ஒன்றாக எழுதாதீர்கள்.

பழையரீல்:
‘இடைவெளி’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். 2014 மே மாதம் அவர் நடித்த கிறிஸ்டினா யாங் என்ற பாத்திரம் ஜூரிக் போனதோடு ‘கிரேஸ் அனாடமி’யில் அவர் பத்து சீசன் முடிந்தது. அதற்குப் பின் 2016-இல் ‘கேட்ஃபைட்’. அதே ஆண்டு ஆன் மேரி ஃப்ளெமிங்கின் அனிமேஷன் படம் ‘விண்டோ ஹார்சஸ்’: ஈரானின் ஷிராஸ் நகரத்துக் கவிதை விழாவுக்குப் போகும் கனடியப் பெண்ணுக்குக் குரல் கொடுத்ததோடு நிர்வாகத் தயாரிப்பிலும் நின்றார். 2017-இல் மீண்டும் மீனா ஷம்மோடு ‘மெடிடேஷன் பார்க்’. இதில் நாயகி செங் பெய்-பெய், இவர் மகள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘அமெரிக்கன் கிரைம்’ மூன்றாம் சீசன். பெரிய தொடர் இல்லை என்பதுதான் உண்மை, வேலை இல்லை என்பது அல்ல.

என் கணிப்பில் கட்டுரையின் முதுகெலும்பு இதுதான்: கனடாவில் 1994-லேயே நாயகி. அமெரிக்காவில் ‘ஆர்லிஸ்’ தொடரில் (1996–2002) உதவியாளர், ‘சைட்வேஸ்’ (2004) படத்தில் துணை வேடம், ‘கிரேஸ்’ தொடரிலும் நாயகியின் தோழி. 2006 கோல்டன் குளோப் கூடத் துணை நடிகைக்கு. தொடரின் மையத்தில் அவர் பெயர் வருவது ‘கில்லிங் ஈவ்’ (2018) மூலம்தான். நாடகத் தொடரின் முதன்மை நடிகைப் பிரிவில் அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மிக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் ஆசிய வம்சாவளிப் பெண். 2019 கோல்டன் குளோப் வென்றார். எம்மி அந்த ஆண்டு சக நடிகை ஜோடி கோமருக்குப் போனது. 24 வருடம் ஆனது. அதை ‘படிப்படியான வளர்ச்சி’ என்று பூசி மெழுக வேண்டாம்.

மாலதி:
எதிர் உதாரணமாக நடிகை மைத்ரேயி ராமகிருஷ்ணனை ஒரு பத்தியில் வைக்கலாம். மிசிசாகாவில் வளர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண். நாடகப் பள்ளி, கனடாப் படம் எதுவும் இல்லாமல், யாரும் விண்ணப்பிக்கலாம் என்ற நடிகர் தேர்வுக்கு வந்த சுமார் 15,000 பேரிலிருந்து நேரே ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ என்ற அமெரிக்கத் தொடரின் நாயகி. 2020 முதல் 2023 வரை 4 சீசன், 40 பகுதி. அவரைக் கனடாத் துறை வளர்த்த நடிகை என்று எழுதினால் தவறு.

இருவரும் சேரும் இடம் டொராண்டோவில் கதை நடக்கும் ‘டர்னிங் ரெட்’ (2022). அம்மா மிங்கின் குரல் சாண்ட்ரா ஓ, மகளின் தோழி ப்ரியா மைத்ரேயி. ஆனால் அது அமெரிக்க அனிமேஷன் நிறுவனமான பிக்ஸாரின் படம். கணக்கன் சொன்ன கணக்கில் வராது.

கீற்று:
‘இடைவெளி’ போய்விட்டது. ‘டபுள் ஹேப்பினஸ்’ தேர்வுக் காட்சியிலிருந்தே தொடங்குகிறேன். ‘லாஸ்ட் நைட்’ 1998 என்றே போகும்.